ஓடுபாதையின் எல்லை மாறும்போது

ஓடுபாதையின் தளம் எங்கே தொடங்குகிறதோ அங்கேயே விமானம் இறங்கலாம் என்று கருதுவது இயல்பு. உண்மை எப்போதும் அவ்வாறன்று. தில்லியில் 2008-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மூன்றாம் ஓடுபாதையின் நீளம் 4,430 மீட்டர். அதன் கிழக்கு முனைக்கு அப்பால் உயரமான சிவன் சிலை நின்றமையால், அத்திசையிலிருந்து இறங்குவதற்குரிய தொடக்க எல்லை 1,460 மீட்டர் உள்ளே தள்ளி அமைக்கப்பட்டது. இறங்குவோருக்கு எஞ்சியது 2,970 மீட்டரே. தள்ளப்பட்ட எல்லைக்கு முந்திய பகுதியோ புறப்படும் ஓட்டத்திற்குப் பொதுவாகப் பயன்படும். ஆக, ஒரே பாதைக்கு இரண்டு நீளங்கள்! மாணவர் தடுமாறுவது இங்கேதான்.

இவ்வேறுபாட்டை விமானிக்கு உணர்த்துவன வண்ணக் குறிகள். எல்லையில் குறுக்காக ஒரு வெண்பட்டை. அதையடுத்துப் பியானோக் கட்டைகளைப் போன்ற நெடுங்கோடுகள். 45 மீட்டர் அகலமான பாதைக்கு இவை 12. 60 மீட்டருக்கு 16. எல்லையை நோக்கும் வெள்ளை அம்புகள், அப்பகுதியில் ஓடலாம், ஆனால் இறங்கலாகாது என்பதைக் குறிப்பன. பெருக்கற்குறி இட்ட தளம் மூடப்பட்டது.

நிலையான மாற்றத்தால் தொல்லை குறைவு. வரைபடங்களிலேயே அது பதிவாகிவிடுகிறது. சில வாரங்களுக்கெனச் செய்யப்படும் மாற்றமே ஆபத்தானது. 2023 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், சீரமைப்பு வேலைக்காக ஓடுபாதையொன்றின் நீளம் குறைக்கப்பட்டிருந்தது. அறிவிப்பும் முறைப்படி வெளியாகியிருந்தது. ஆயினும் இரண்டு பெரிய பயணி விமானங்கள், வெவ்வேறு நாட்களில், அதனை உணராமலே புறப்பட்டு, குறைக்கப்பட்ட எல்லையைத் தாண்டிச் சென்றன.

இதனை விமானிகளின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லி முடிப்பது எளிது, நியாயமாகாது. சுருக்கெழுத்துக்கள் நிறைந்த அறிவிப்புக்கள் பக்கம் பக்கமாக விமானியிடம் சேர்கின்றன. வேலையின் காரணமும் நாளும் நேரமும் முன்னே வர, உயிர்நிலையான நீளம் நடுவே புதைந்துவிடுகிறது. எஞ்சிய நீளம் முதல் வரியில் இடம்பெறுதல் வேண்டும்; காரணம் பிறகு வரட்டும். அறிவிப்பு எழுதுவோர் இதற்கு மறுப்புக் கூறுவதற்கு ஏதுமில்லை.

களப்பணியாளரின் பொறுப்பும் சிறிதன்று. தற்காலிக எல்லைக்கு முன்னுள்ள பழைய குறிகள் மறைக்கப்பட வேண்டும். நடுக்கோடு அம்புகளாக மாற்றப்பட வேண்டும் என்பது பன்னாட்டு நெறி. சில நாள் வேலைக்கு இத்தனை வண்ணம் வீண்செலவு என்போர் உண்டு. அரைகுறையாக அழித்த கோடு, மழையில் நனைந்த தளத்தின்மீது மாலை வெளிச்சம் படும்போது, மேலிருந்து இறங்கி வருபவனுக்குப் புதுக்கோடாகவே தோன்றக்கூடும். எது எல்லை என்று தீர்மானிக்க அவனுக்குக் கிடைப்பன சில விநாடிகளே.