எந்தத் துவக்கு? எவர் கையில்?

யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கமாயினும் சரி, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கமாயினும் சரி, பயிர் செய்வோர் இருவர் சந்தித்தால் பேச்சு மழையிலே தொடங்கிப் பன்றியிலே முடிகிறது. மரவள்ளியும் வற்றாளையும் ஓரிரவில் உழுதெறியப்படுகின்றன. இளம் இறப்பர்க் கன்றின் பட்டையை முள்ளம்பன்றி கடித்துத் தள்ளுகிறது. தென்னையிலே குரும்பை தங்குவதில்லை. குரங்கு பறித்து வீசுகிறது. 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆந் தேதி காலை 8 மணிக்கு, நாடெங்கும் ஐந்து நிமிட நேரம் குரங்கு, மயில் முதலியவற்றை அரசாங்கம் எண்ணிப் பார்த்தது. எண்ணியது நல்லதே. ஆயினும் நள்ளிரவில் வந்து விடியுமுன் மறைந்துவிடும் பன்றி காலை 8 மணிக்கு எவர் கண்ணில் அகப்படும் என்பதை எண்ணச் சொன்னவர்களே விளக்கவேண்டும்!

இந்நிலையில் துவக்கு வாங்கும் எண்ணம் பலருக்கு எழுவது இயல்பே. சிறிய இறப்பர்க் காணியோ மிளகுத் தோட்டமோ வைத்திருக்கும் நம் டாக்டர்களும் ஆசிரியர்களும் வர்த்தகர்களும் .22 ரைபிளா, 12 போர் வேட்டைத் துவக்கா, காற்றுத் துவக்கா என்று விவாதிக்கின்றனர். ரைபிளுக்கு அனுமதி பெறுவது எளிதன்று. அது ஒருபுறம் இருக்கட்டும். கிடைத்தாலும் அது நமது மலைச்சாரலுக்கு ஏற்றதுதானா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

ஏற்றதன்று என்பதே நமது முடிபு. .22 ரவை சிறியது, விலை குறைந்தது, குறி தப்பாதது. இவையெல்லாம் உண்மை. ஆனால் குறிதவறிய .22 ரவை ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் அப்பால் செல்ல வல்லது. சமதரையிலே மண்மேடொன்றைப் பின்னணியாக வைத்துச் சுடலாம். மரக்கிளையிலிருக்கும் குரங்கை நோக்கி மேல்நோக்கிச் சுடுபவனுக்குப் பின்னணி ஏது? வானந்தான். அந்த ரவை பள்ளத்தைக் கடந்து அடுத்த டிவிசன் லயத்துக் கூரையிலே இறங்காது என்று எவர் உறுதி கூற முடியும்? பாறையிலும் நீரிலும் பட்டுத் தெறிப்பதிலும் .22 ரவை பெயர் பெற்றது. மாணிக்கக் குழிகளில் நீர் நிற்கும் இரத்தினபுரியில், பாறை துருத்திய ஒவ்வொரு சரிவிலும், இதை மறத்தலாகாது.

வலுவைப் பார்ப்போம். சாதாரண காற்றுத் துவக்கின் குண்டுக்குள்ள விசை ஏறத்தாழ 16 யூல். .22 ரவைக்கு 150 முதல் 190 யூல் வரை. 12 போர்த் தோட்டாவுக்கோ 2,000 யூலுக்கு மேல். எண்பது, நூறு கிலோ எடையுள்ள காட்டுப்பன்றியை .22 ரவையால் அடிப்பது அதனைக் கொல்வதன்று, காயப்படுத்தி ஓடவிடுவது. காயப்பட்ட பன்றி புதருக்குள் கிடந்து மறுநாள் கொழுந்தெடுக்க வரும் பெண்மீது பாயும். காற்றுத் துவக்கால் பன்றியைச் சுடுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அது அணிலுக்கும் குரங்கை வெருட்டுவதற்கும் உரிய கருவி. உழவருக்குக் காற்றுத் துவக்கு வழங்கலாம் என்று அண்மைய ஆண்டுகளில் பேசிய மந்திரிகள் பன்றியை நேரிற் கண்டிருக்கமாட்டார்கள் போலும்.

ஆகவே ஒற்றைக் குழல் 12 போர்த் துவக்கே நமக்குப் போதும். நாற்பது யார் தூரத்துக்குள் எஸ்.ஜி. தோட்டா பன்றியை வீழ்த்தும். அதற்கப்பால் சன்னங்கள் விரைவில் வலுவிழக்கின்றன; குறை என்று சொல்லப்படும் இதுவே லயங்கள் நெருங்கிய இடத்தில் பெருங்குணமாகிறது. இரட்டைக் குழல் வேண்டுவோர் வாங்கட்டும். முதல் வெடியைப் பொறுமையாக வைப்பவனுக்கு இரண்டாவது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. செங்குரங்கும் ஊதாமுக மந்தியும் இந்த நாட்டுக்கே உரியவை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். எந்த விலங்கைச் சுடலாம், எதனைச் சுடலாகாது என்று வனஜீவராசிகள் திணைக்களத்தை முதலிலே கேட்டறிவது அறிவுடைமை.

இதுவரை கூறியது காணி உள்ளவனுக்கு. இல்லாதவன் என்ன செய்கிறான்? 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று கேட்பவன் முதலிற் காட்டவேண்டியது தன் காணி. தோட்டத் தொழிலாளியிடம் காணி ஏது? 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. லயத்துக்குப் பின்னாலுள்ள மரவள்ளிப் பாத்தி மட்டும் எந்த மாற்றத்திலும் அவன் பெயருக்கு வரவில்லை. 1948இல் பறிபோன குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. உறுதிப்பத்திரப் பிரச்சினை தீரவேயில்லை.

சட்டப்படியான துவக்குக்கு வழியில்லாத இடத்திலே கட்டுத்துவக்கும் கம்பிக் கண்ணியும் திருட்டு மின்கம்பியும் வந்து சேர்கின்றன. பன்றி வரும் பாதையில் குறுக்கே நூலைக் கட்டி வைத்த துவக்குக்குப் பன்றியின் காலும் பால் வெட்டப் போகிறவன் காலும் ஒன்றே. விடியுமுன் விளக்கைக் கட்டிக்கொண்டு இறப்பர் மலைக்குப் போகும் தொழிலாளி இந்த நூலை எப்படிக் காண்பான்? முழங்கால் சிதைந்து வருபவனுக்குச் சிகிச்சை செய்யும் நம் டாக்டர்கள் இதனை நன்கறிவர். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கண்ணியிலே சிக்கிய கருஞ்சிறுத்தை உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே மாண்டது. அதற்கு நாடே இரங்கியது, இரங்கட்டும். கட்டுத்துவக்கில் காலிழந்த பால்வெட்டியின் பெயர் எந்தப் பத்திரிகையில் வந்தது?

அரசாங்கம் துவக்கு வழங்கத் தயங்குவதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1971 ஏப்ரலில் கேகாலை மாவட்டத்திலே கிளர்ச்சியாளர் ஏந்தியவற்றுள் வீடுகளிலிருந்து பறித்த வேட்டைத் துவக்குகளும் இருந்தன. 1987க்குப் பின்னரும் அதே கதை. நமக்கும் ஓர் அச்சம் உண்டு. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் காடையர் கையில் தோட்ட மக்கள் பட்டதை நாம் மறக்கவில்லை. 1981இல் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. ஊரெல்லாம் துவக்கு மலிவதை நாம் கேட்கவில்லை.

நாம் கேட்பது வேறு. ஒவ்வொரு டிவிசனுக்கும் பயிற்சி பெற்ற இருவர். அவர்களுக்கு ஒரு 12 போர்த் துவக்கு. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் தோட்டாக்கள். துவக்கு இருக்குமிடம் தோட்டக் காரியாலயத்தின் இரும்புப் பெட்டி. அந்த இருவரில் ஒருவராவது லயத்தில் வாழ்பவராக இருத்தல் வேண்டும். காணி உறுதிக்குப் பதிலாக, பயிரிடுவதை உறுதிப்படுத்தும் கிராம அலுவலரின் கடிதத்தை மாவட்டச் செயலாளர் ஏற்றல் வேண்டும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தொழில் செய்யும் நம் சட்டத்தரணிகள் இதற்கான விண்ணப்பத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுப்பார்களாயின், தோட்டச் சங்கங்கள் கையெழுத்து வாங்க ஒரு வாரம் போதும்.