வாய்க்காலைப் பார்க்க வாருங்கள்

அன்புள்ள பெரியவர்களுக்கும், மாமன் மச்சான்களுக்கும், அக்கா தங்கச்சிகளுக்கும்,

துபாயிலிருந்து எழுதுகிறேன். முளைக்கொட்டுத் திருவிழா நோட்டீஸ் வந்து சேர்ந்தது. ஊர் முகப்பில் விளக்கு ஜொலிக்கும் ஆர்ச் கட்டப் போகிறீர்களாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் தாராளமாகத் தர வேண்டுமாம். அடியில் ஒரு வரி: ‘துபாய் போல நம்மூரும் ஜொலிக்கட்டும்.’ அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

போன மார்கழியில் டூர் வந்த நம்மூர்க்காரர்களை நான்தான் கூட்டிக்கொண்டு அலைந்தேன். முதல் நாள் எங்கே போகலாம் என்றதும் எல்லோரும் புர்ஜ் கலீஃபா என்றார்கள். போனோம். 828 மீட்டர் உயரம், 2010 ஜனவரியில் திறந்தது. நம் நாட்டுத் தொழிலாளிகளின் வேர்வையும் அதில் இருக்கிறது. அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். பிறகு மால், மால் முடிந்து நகைக்கடை. நடுவில் ‘க்ரீக் பக்கம் ஒரு எட்டு போய் வருவோம்’ என்று கேட்டுப் பார்த்தேன். ‘வாய்க்காலைப் பார்க்கவா டிக்கெட் போட்டு வந்தோம்?’ என்றார் ஒரு மாமா. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மாமா, அந்த வாய்க்கால்தான் இந்த ஊரின் உயிர். கடல் உள்ளே புகுந்து கிடக்கும் ஓடை அது. அதன் கரையில் 1787-இல் கட்டிய அல் ஃபஹீதி கோட்டை இன்றும் நிற்கிறது. பக்கத்துச் சந்துகளில் பழைய வியாபாரிகளின் வீடுகள். கூரைக்கு மேலே நாலு பக்கமும் திறந்த காற்றுக் கோபுரம். அடியில் போய் நின்றால், மேலே பிடித்த காற்று தலைமேல் இறங்கும். கரண்டு வராத காலத்தில் இந்த வெயிலை அப்படித்தான் சமாளித்தார்கள்.

அங்கிருந்து அப்ரா என்கிற மரப்படகில் ஏறினால் ஒரு திர்ஹமில் அக்கரை. பலகையில் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். நடுக்குழியில் நிற்கும் படகுக்காரர் கையில் காசைக் கொடுத்துவிட்டால், டீசல் வாசனையோடு தேய்ரா வந்துவிடும். இறங்கினால் மசாலாச் சந்தை, தங்கச் சந்தை. கரையோரம் சரக்கு ஏற்றும் மரக்கலங்கள்.

இந்த ஓடை ஒரு காலத்தில் மணல் மூடித் தூர்ந்து கிடந்தது. முத்துக்குளிப்புத் தொழில் 1930-களிலேயே படுத்துவிட்டது. கையில் காசில்லை. எண்ணெய் கிடைத்தது 1966-இல்தான். அதற்கு முன்பே, 1959-இல், துபாயை ஆண்ட ஷேக் ராஷித் கடன் வாங்கி ஓடையைத் தூர்வாரத் தொடங்கினார். 1961-இல் வேலை முடிந்தது. பக்கத்து ஷார்ஜாவின் ஓடை தூர்ந்துபோக, அங்கிருந்த வியாபாரமும் ஆழமான துபாய்க்கு நகர்ந்தது. தூர் எடுத்தது முதலில், கோபுரம் எழுந்தது அரை நூற்றாண்டு கழித்து. வந்தவர்கள் கோபுரத்தைப் பார்த்தீர்கள், தூர் எடுத்ததைப் பார்க்கவில்லை. என் வருத்தம் முழுக்க அதுதான்.

நம் கண்மாயை நினைத்துப் பாருங்கள். உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். கலுங்கு உடைந்து கிடக்கிறது. மடைக்குக் கதவில்லை. வரத்துக்காலின் மேல் வீட்டுமனைக் கல் ஊன்றியாகிவிட்டது. ஆறே இல்லாத துபாய், கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் வானம் கொட்டுவதைத் தேக்கி வைக்க மாட்டாத நாம், தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கிறோம். அந்த லாரி நுழைவதற்கா ஆர்ச்?

ஊரில் இல்லாதவனுக்கு இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கரை உடைந்த ராத்திரியில் மணல் மூட்டை சுமந்தவர்கள் வயசானவர்கள்; இளவட்டங்கள் நாங்கள் துபாய், சவூதி, சிங்கப்பூர் என்று கிளம்பிவிட்டோம். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வரணும் என்று தண்டோரா போட்டால், எங்கள் வீட்டிலிருந்து வர அம்மாதான் இருக்கிறாள். படுத்தால் அது நெஞ்சில் குத்துகிறது.

துபாய் எனக்குச் சோறு போட்டது, தங்கச்சிகளைக் கரையேற்றியது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30-லிருந்து 3 மணிவரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டமே போட்டிருக்கிற வெயில் இது. இந்த வெயிலில் உழைத்து அனுப்பும் காசு சீரியல் பல்பாக எரிவதை என்னால் தாங்க முடியாது.

கெஞ்சிக் கேட்கிறேன், நோட்டீஸைத் திருத்தி அடியுங்கள். ஆர்ச் என்று போட்ட இடத்தில் கண்மாய் என்று போடுங்கள். அதிகாரிகளிடம் மனு கொடுத்து முறையாக அனுமதி வாங்குங்கள். இங்கே இருக்கும் நம்ம பிள்ளைகளிடம் நானே வசூலித்து அனுப்புகிறேன், என் பங்கு முதலில் வரும். அடுத்து யார் துபாய் வந்தாலும் முதல் நாளை எனக்குக் கொடுங்கள், க்ரீக்கரைக்குக் கூட்டிப் போகிறேன். ஐப்பசி மழை நமக்காகக் காத்திருக்காது. அதற்குள் வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப்பிள்ளை