கொத்தனார் மட்டும் போதாது

"பழைய வீட்டுக்கு ஆர்க்கிடெக்ட் எதற்கு, கொத்தனார் போதாதா?" என்கிறார்கள் அருப்புக்கோட்டை நண்பர்கள். போதாது. எங்கள் தாத்தா கட்டிய வீட்டைத் தொடுமுன் ஆர்க்கிடெக்டைத்தான் கூப்பிடப் போகிறேன்.

நம் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். விரிசலுக்குக் காரணம் சுவரிலா, அஸ்திவாரத்திலா என்று பார்க்காமல் பூசி மறைத்தால் மறுபடி திறக்கும். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. பூச்சு பொருக்காக உதிரும்.

1972 சட்டப்படி பதிவு பெற்றவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். பிளான் வரைபவர் எல்லோரும் அல்ல. அவரிலும் சுண்ணாம்பு வேலை தெரிந்தவராகப் பாருங்கள். முதல் நாளே 'இடித்துவிடலாம்' என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

திருச்சுழியில் 1879-ல் ரமணர் பிறந்த வீட்டை இன்றும் காத்து வருகிறார்கள். நம் தாத்தாக்கள் மகான்கள் இல்லைதான். அதற்காக அவர்கள் வீடு இளப்பமா? டைல்ஸுக்கு லட்சம் கொடுக்கிறோம். யோசனைக்குக் கொடுக்கத்தான் கை நடுங்குகிறது.