குறுக்கே நிற்பது துணை ஆகாது

கணவன் வீட்டுக் கொடுமை பற்றி ஒரு பெண் புகார் கொடுத்தால் இரண்டு மாதங்களுக்கு யாரையும் கைது செய்யக் கூடாது. அதற்குள் மாவட்டந்தோறும் அமைக்கப்படும் குடும்ப நலக் குழு இரு தரப்பையும் அழைத்துப் பேசி முடிக்கப் பார்க்க வேண்டும். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2022-ல் வகுத்த இந்த வழிமுறைகள் நடைமுறையில் இருக்கட்டும் என்று 2025 ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அறிவித்துவிட்டது. ஒரு தம்பதியின் வழக்குகளை முடித்துவைத்த தீர்ப்பில் இடம்பெற்ற உத்தரவு இது. அதன் விலையைக் கொடுக்கப்போகிறவர்களோ, அந்த வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத லட்சக்கணக்கான பெண்கள்.

காவல் துறையும் சமூகமும் கைகோத்தால்தான் பெண்கள் மீதான வன்முறை குறையும் என்று நெடுங்காலமாக வாதிட்டுவருகிறவன் நான். சமூகத்தின் பங்கேற்பு என்ற பெயரிலேயே இப்படி ஒரு தடுப்புச் சுவர் எழும்போது பேசாமல் இருக்க முடியவில்லை.

குழுவில் யார் யார் இருக்கலாம்? இளம் வழக்கறிஞர் அல்லது ஐந்தாம் ஆண்டு சட்ட மாணவர், மாவட்டத்தில் பெயர் பெற்ற சமூக சேவகர், ஓய்வுபெற்ற நீதித் துறை அலுவலர், உயர் அதிகாரிகளின் படித்த மனைவியர். இவர்களுக்குத் தரப்படும் பயிற்சி ஒரு வாரத்துக்கு மேல் போகாது. பேச்சுவார்த்தைக்கு இரு தரப்பும் நாலு பெரியவர்களோடு வரலாம்.

அந்த நாலு பெரியவர்களை அந்தப் பெண் ஏற்கெனவே பார்த்துவிட்டாள் என்பதுதான் தீர்ப்பில் இல்லாத உண்மை. முதல் அடி விழுந்தபோது அம்மாவிடம் சொன்னாள். பிறகு தாய்மாமன் வந்து பேசினார். பிறகு சம்பந்திகள் கூடிப் பேசினார்கள். ஊர்ப் பெரியவரோ, சாதிச் சங்கத் தலைவரோ, வட்டச் செயலாளரோ நடுவில் உட்கார்ந்து, “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்று சொல்லி அனுப்பினார்கள். எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்ட பிறகுதான் நம் ஊர்ப் பெண் காவல் நிலையப் படி ஏறுகிறாள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 விழுக்காட்டினர் யாரிடமும் உதவி கேட்கவும் இல்லை, வெளியே சொல்லவும் இல்லை. உதவி தேடியவர்கள் வெறும் 14 விழுக்காடு. அத்தனை தயக்கத்தையும் உடைத்துக்கொண்டு வருகிறவளை மறுபடியும் நாலு பெரியவர்கள் முன்னால் உட்காரவைப்பது எந்த வகையில் நீதி?

சட்டப்படி பார்த்தாலும் இது நிற்காது. 2017-ல் ராஜேஷ் சர்மா வழக்கில் இதே போன்ற குழுக்களை உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அமைக்கச் சொன்னது. 2018 செப்டம்பரில் மூவர் அமர்வு அந்தக் குழுக்களுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று நீக்கியது. மூவர் நீக்கியதை இருவர் எப்படி உயிர்ப்பிக்க முடியும்? கண்மூடித்தனமான கைதைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், அதற்கு 2014-லேயே அர்னேஷ் குமார் தீர்ப்பு வந்துவிட்டது. கைதுக்கான காரணத்தை எழுத வேண்டும், தேவையில்லாதபோது நோட்டீஸ் மட்டும் கொடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அன்றிலிருந்தே இருக்கிறது.

2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது? மனு வந்தால் மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணையைத் தொடங்கு, அதிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்கப் பார் என்று நீதித் துறை நடுவருக்குச் சொல்கிறது. நாடாளுமன்றம் தீர்வுக்குக் கொடுத்த அதே 60 நாட்களை இந்தத் தீர்ப்பு காத்திருப்புக்குக் கொடுத்திருக்கிறது. அதைவிட வேதனை, இதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், 2025 மே மாதம், மாவட்டத்திலும் வட்டத்திலும் அந்தச் சட்டப்படியான பாதுகாப்பு அலுவலர்களை ஆறு வாரத்துக்குள் நியமியுங்கள் என்று இதே உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

அந்த 60 நாட்களை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தியாவில் ஆண்டுதோறும் ஆறாயிரத்துக்கும் அதிகமான வரதட்சணைச் சாவுகள் பதிவாகின்றன. ஆறாயிரம் என்றே வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 16 பெண்கள். அறுபது நாட்களில் கிட்டத்தட்ட ஆயிரம் பேர். ‘பொறுத்திரு’ என்று தீர்ப்பு சொல்லும் ஒவ்வொரு இரண்டு மாதத்திலும் இந்த நாட்டில் கிட்டத்தட்ட ஆயிரம் உயிர்கள் போகின்றன. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இறந்தால் நம் ஊரில் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கும். அந்த விசாரணையில் அப்பா அம்மா சொல்லும் வாக்குமூலங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும்: “போன மாசம்தான் பேசி அனுப்பி வச்சோம்” என்ற வரி எத்தனை முறை வருகிறது என்று. பேசி அனுப்பிவைத்ததற்கும் பிணமாகத் திரும்பியதற்கும் இடைப்பட்ட நாட்கள்தான் மிக ஆபத்தானவை. புகார் கொடுத்த பெண் புகார் கொடுக்காத பெண்ணைவிட அதிக ஆத்திரத்துக்கு ஆளாகிறாள். அவளைப் பார்த்துத்தான் ‘ஆறப் போடு’ என்கிறார்கள். அடித்தவனின் கோபம் ஆறுவதற்கு அடிபட்டவளின் உயிரையா பணயம் வைப்பது?

பொய்ப் புகார்கள் பெருகிவிட்டன என்பவர்கள் உடனே வரிசையில் வருவார்கள். தண்டனை விகிதம் குறைவாக இருப்பதைக் காட்டி அவர்கள் வாதம் செய்வார்கள். வழக்கு நடக்கும்போதே சமரசம், சாட்சி பின்வாங்கல், ஆண்டுக் கணக்கில் இழுத்தடிப்பு என்று விடுதலைக்கு நூறு காரணங்கள் இருக்க, எல்லா விடுதலையையும் பொய்ப் புகார் கணக்கில் எழுதுவது அறிவு நேர்மையல்ல. ‘குடும்பம் உடையக் கூடாது’ என்பவர்களுக்கு ஒரே பதில்தான்: அது உடைந்தது அவள் புகார் எழுதிய நாளில் அல்ல, அவன் கை ஓங்கிய நாளில். இதற்கு மேல் அவர்களோடு வாதிட நான் விரும்பவில்லை.

தமிழ்நாடு இதில் பெருமை பேச முடியாது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்தோம். இன்று இருநூறுக்கும் மேற்பட்ட மகளிர் நிலையங்கள் இருக்கின்றன. ஆனால், அதே குடும்ப நல ஆய்வில், கணவனின் வன்முறைக்கு ஆளான பெண்கள் தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு. நாட்டின் சராசரி 29.3. பக்கத்துக் கேரளத்தில் 9.9. பள்ளிக்கூடத்தில், மருத்துவமனையில், தொழிற்சாலையில் கேரளத்தோடு போட்டி போடும் நாம், வீட்டுக்குள்ளே மட்டும் அவர்களைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வன்முறையை வைத்துக்கொண்டிருக்கிறோம். முப்பது ஆண்டுகளாகக் கட்டடம் கட்டியும் இந்த எண் ஏன் இன்னும் இவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

காரணம் வெளிப்படை. மகளிர் காவல் நிலையங்களையே நாம் சமரசக் கூடங்களாக்கிவிட்டோம். மனு வாங்குவார்கள். மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள். வரதட்சணை என்றால் மாவட்டச் சமூக நல அலுவலரின் அறிக்கைக்கு அனுப்புவார்கள். பிறகு கணவனை வரவழைத்து, “இனிமே இப்படி நடக்க மாட்டேன்” என்று எழுதி வாங்கிக்கொண்டு, அவளையும் கையெழுத்துப் போடச் சொல்லி, அன்று மாலையே அதே வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். ஹரியாணா 2015-ல் எல்லா மாவட்டங்களிலும் மகளிர் காவல் நிலையம் திறந்தது. அதை ஆராய்ந்த நிர்விகார் ஜஸ்ஸல், பதிவாகும் வழக்குகள் அதனால் கூடவில்லை என்றும், மற்ற நிலையங்கள் பெண்களின் புகார்களைத் தட்டிக்கழிக்கவே அது வழிசெய்தது என்றும் 2020-ல் எழுதினார். காக்கிக்குள் பெண் இருந்தால் மட்டும் போதாது. புகார் கொடுக்கும் பெண்ணின் பக்கம் உட்கார ஓர் ஆள் வேண்டும்.

அதற்கான மாதிரி நம் நாட்டிலேயே நாற்பது ஆண்டுகளாக இருக்கிறது. 1984-ல் மும்பை காவல் ஆணையர் அலுவலகத்துக்குள்ளேயே டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஒரு சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. சமூகப் பணி படித்து, சம்பளம் பெற்று, காவலர்களுக்கு நடுவே உட்கார்ந்து வேலைபார்ப்பவர்கள் அதில் இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் காவலர்கள் அல்லர். புகாரை எழுத உதவுகிறார்கள், வழக்கைப் பதிய வைக்கிறார்கள், மருத்துவமனைக்கும் காப்பகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூடவே போகிறார்கள். கணவனை அழைத்துப் பேசுவதானாலும் அவள் விரும்பினால் மட்டுமே, அடி நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மட்டுமே. பின்னாளில் மகாராஷ்டிர அரசே அதைப் பிற மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது. குடும்ப நலக் குழு பெண்ணுக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவே நிற்கிறது. மும்பைப் பிரிவோ அவளோடு சேர்ந்து நிலையத்துக்குள் நடக்கிறது. முழு வேறுபாடும் அவ்வளவுதான்.

நிலையத்துக்குள் செய்யும் மாற்றம் பலன் தரும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஆய்வாளர்கள் 180 காவல் நிலையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதியில் மகளிர் உதவி மேசைகள் அமைத்து ஆராய்ந்தார்கள். 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. உதவி மேசை இருந்த இடங்களில், அதிலும் பெண் அதிகாரிகள் பொறுப்பேற்ற இடங்களில், புகார்கள் கூடுதலாகப் பதிவாயின. அதற்கான பயிற்சியில் ஊரிலுள்ள பெண்கள் அமைப்புகளோடு தொடர்பு வைப்பதும் அடங்கும். இதற்குப் பிறகும் ‘எது வேலைசெய்யும் என்று தெரியவில்லை’ என்று எந்த அரசும் சொல்லக் கூடாது.

ஆகவே தமிழ்நாடு அரசு மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். ஜூலைத் தீர்ப்பை மறுசீராய்வு செய்யக் கோரி உச்ச நீதிமன்றம் போக வேண்டும். ஒவ்வொரு மகளிர் காவல் நிலையத்திலும் காவல் துறையின் கட்டுப்பாட்டில் இல்லாத, முழுநேரச் சம்பளம் பெறும் ஒரு சமூகப் பணியாளரை உட்காரவைக்க வேண்டும். 181 மகளிர் உதவி எண்ணும் ஒருங்கிணைந்த சேவை மையமும் பாதுகாப்பு அலுவலரும் அவர் வழியாக ஒரே சங்கிலியாக வேண்டும். கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு அவருடைய கைபேசி எண் தெரிந்திருக்க வேண்டும். ‘எழுதிக் கொடுத்துட்டுப் போ’ என்ற சமரசக் கடிதத்துக்குக் காவல் நிலையங்களில் அடியோடு தடை விதிக்க வேண்டும்.

இருநூற்றுச் சொச்சம் நிலையங்களுக்கு இருநூற்றுச் சொச்சம் பணியாளர்கள். ஒரு மேம்பாலத்தின் செலவுகூட இதற்கு ஆகாது. இதைச் செய்தால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் 38 என்ற எண் பாதியாகக் குறையும் என்று உறுதியாகச் சொல்வேன். செய்யாமல், குடும்ப நலக் குழுவுக்கு உறுப்பினர் பட்டியல் தயாரிக்க மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதும் அரசு, இனி இந்த மாநிலத்தில் சாகும் ஒவ்வொரு மருமகளின் சாவுக்கும் பொறுப்பேற்றாக வேண்டும்.