நம்ப மறுப்போர்க்கு ஒரு பதில்

அடித்தவன் மறந்துவிடுவான், அடிபட்டவன் மறப்பதில்லை. இது ஊரறிந்த உண்மை. ஆனால், அடிபட்டவள் வாய் திறந்து கூறும்போது, "எனக்கு அப்படி நேர்ந்ததே இல்லையே, நீ மிகைப்படுத்துகிறாய்!" என்று கூறிவிடுகின்றனரே, அந்த இரண்டாவது அடி முதலடியினும் கொடிது. அதனைப் படமாக்கிக் காட்டினார், அமெரிக்கக் கருப்பினக் கலைஞர் ஹோவர்டினா பிண்டெல், 1980-ஆம் ஆண்டிலே.

யார் இவர்? 1943-இல் பிலடெல்பியாவிலே பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்திலே ஓவியம் பயின்றவர். 1967 முதல் 12 ஆண்டுகள் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்திலே பணியாற்றியவர். 1979-இல் கார் விபத்தில் சிக்கினார்; நினைவாற்றலின் ஒரு பகுதி சிதைந்தது. எழுந்து நின்றபோது, தூரிகை மட்டும் போதாதென்று வீடியோக் கருவியை நாடினார். படமுதலாளியின் தயவு வேண்டியதில்லை. ஒரு கேமிரா, ஒரு முகம், சொல்வதற்கு ஓர் உண்மை, அவ்வளவே!

படம் 12 நிமிடம். பெயர், 'ஃப்ரீ, ஒயிட் அண்ட் 21'. "சுதந்திரமுண்டு, வெள்ளை நிறமுண்டு, வயதும் 21, என்னைக் கேட்பார் யார்?" என்று வெள்ளையர் நாவிலே புழங்கிய செருக்குமொழி அது.

பிண்டெல் அமைதியாக அமர்ந்து பேசுகிறார். மழலையர் பள்ளியிலே ஆசிரியை தம்மைப் படுக்கை விரிப்பால் கட்டிலோடு கட்டிவைத்ததைக் கூறுகிறார். தம் தாயின் குழந்தைப் பருவத்திலே, பார்த்துக்கொள்ள வந்த வெள்ளைக்காரி, கருமை நிறத்தை அழுக்கென்று எண்ணிக் காரநீரால் கழுவி மேனியைப் பொசுக்கியதைக் கூறுகிறார். கண்ணீரில்லை, கூச்சலில்லை. இடையிடையே, வெள்ளை பூசிய முகமும் பொன்னிறப் பொய்முடியும் கருப்புக் கண்ணாடியுமாக ஒரு மங்கை தோன்றி, நன்றி கெட்டவள் என்று ஏசுகிறாள். அவளும் பிண்டெலே! தம்மை நம்ப மறுத்தோரைத் தாமே நடித்துக் காட்டுகிறார்.

இங்கேதான் நாம் ஊன்றி நோக்க வேண்டும். அந்த மங்கை பெண்ணினத்தின் பகைவி அல்லள், பெண்ணுரிமை பேசுபவள்! 1972-இல் பெண் கலைஞர்கள் கூடி நியூயார்க்கிலே அமைத்த ஏ.ஐ.ஆர். காட்சிக்கூடத்தின் நிறுவனர்களுள் ஒருவர் பிண்டெல். கருப்பின மக்களைக் கும்பல் கூடிக் கொன்ற கொடுமை குறித்து ஒரு படைப்பை அக்கூடத்திடம் 1970-களில் முன்வைத்தார்; மறுக்கப்பட்டது. அது 'ரோப்/ஃபயர்/வாட்டர்' எனும் வீடியோவாக வெளிவந்தது 2020-இல்! தோழமை மறுத்ததைக் காலம் தந்தது. ஆனால், நாற்பதாண்டு கடந்து.

2022-இல், வெனிஸ் கலை விழாவிலே பிரிட்டனின் சார்பில் பங்கேற்ற முதல் கருப்பினப் பெண் சோனியா பாய்ஸ், கருப்பினப் பாடகியரின் குரல்களை வீடியோவிலே தொகுத்துத் தங்கச் சிங்கப் பரிசு பெற்றார். மகிழ்கிறோம். எனினும், பரிசு தருவது எளிது. புகாரைக் கேட்பதுதான் அரிது.

தோழர்களே! ஒடுக்கப்பட்டோர் அணியிலும் ஒடுக்கப்பட்டோர் உண்டு. நம் மன்றத்திலே ஒரு பெண் எழுந்து, "எனக்கு இங்கே அநீதி நடந்தது" என்று கூறும் நாளில், நாம் செவி கொடுப்போமா? அல்லது, அந்தக் கருப்புக் கண்ணாடியை எடுத்து அணிந்துகொள்வோமா?