விண்மீன் மண்டலங்கள் மோதும்போது



'இரு விண்மீன் மண்டலங்கள் மோதினால், அவற்றிலுள்ள விண்மீன்கள் எல்லாம் நொறுங்கிப் பொடியாகிவிடுமா?' என்று மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கின்றார். நொறுங்குவதில்லை. கதிரவனைக் கடுகளவாகச் சுருக்கிக்கொண்டால், அடுத்த கடுகு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால்தான் கிடக்கும். அத்துணை இடைவெளியில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது எங்ஙனம்? ஆயினும் அம்மண்டலங்களின் வடிவம் என்னவாகும் என்று கேட்டிருப்பாரானால், வானியலாரையே நெடுநாள் குழப்பிய வினாவைத் தொட்டிருப்பார்.

நாம் வாழும் பால்வழி மண்டலம், நடுவில் புடைத்து ஓரத்தில் மெலிந்த ஆப்பத்தைப் போன்றது. குறுக்களவு ஏறத்தாழ ஓர் இலட்சம் ஒளியாண்டு. மெல்லிய பகுதியின் தடிப்போ ஓரிரு ஆயிரம் ஒளியாண்டுகளே. இத்தட்டிலுள்ள கோடானுகோடி விண்மீன்களும் ஒரே திசையில், ஏறக்குறைய வட்டமான பாதையில் சுழல்கின்றன. ஒழுங்கான இவ்வமைப்பைக் குலைப்பது எளிது.

எவ்வளவு எளிது என்பதை 1972-ஆம் ஆண்டில் ஆலார் டூம்ரே, யூரி டூம்ரே என்னும் உடன்பிறந்தார் இருவர் கணிப்பொறியின் துணையால் காட்டினர். நிலவு நம் கடலை இழுத்து ஓதம் எழுப்புவது போல, நெருங்கி வரும் மண்டலம் மற்றதன் விண்மீன்களை நீண்ட வால்களாக இழுத்தெறிகின்றது. 1977-இல் ஆலார் மேலும் ஒருபடி சென்றார். இரு தட்டுகள் மோதி ஒன்றானால், சுழற்சியின் ஒழுங்கு கெட்டு, விண்மீன்கள் ஈசல் கூட்டம் போல எல்லாத் திசைகளிலும் பறக்கும் நீள்வட்ட மண்டலமே எஞ்சும் என்றார். மோதல் தட்டின் அழிவு என்பது பாடநூல் கருத்தாயிற்று.

ஆனால் இதில் ஒரு முரண்பாடு உண்டு. சிறு மண்டலங்கள் இணைந்து இணைந்தே பெரியவை வளர்ந்தன என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட கொள்கை. அங்ஙனமாயின் தட்டுகள் அரிதாக அன்றோ இருத்தல் வேண்டும்? நம் அண்டையிலுள்ள பெரிய மண்டலங்களிலோ பெரும்பாலானவை தட்டுகளே.

விடை விண்மீன்களில் இல்லை. அவற்றிடையே பரவிக் கிடக்கும் வாயுவில் இருக்கின்றது. விண்மீன்கள் ஒன்றையொன்று ஊடுருவிச் சென்றுவிடும். வாயு மேகங்களுக்கு அது இயலாது. அவை முட்டிச் சூடேறி, அச்சூட்டை ஒளியாக வெளியேற்றிக் குளிர்கின்றன. வெப்பத்தை இழப்பது எளிது. சுழற்சியை இழப்பது அவ்வளவு எளிதன்று. ஆகவே வாயு சுழலும் தளத்தை நோக்கி மேலிருந்தும் கீழிருந்தும் படிகின்றது. மையத்துக்குள் விழாதபடி சுழற்சியே அதைத் தாங்கிக்கொள்கின்றது. படிந்தது தட்டாகின்றது, அதில் புது விண்மீன்கள் பிறக்கின்றன. வாயு மிகுந்திருந்தால் மோதலுக்குப் பின்னும் தட்டு மீண்டும் உருவாகும் என்று 2005-இல் வோல்கர் ஸ்பிரிங்கல், லார்ஸ் ஹெர்ன்குவிஸ்ட் ஆகியோர் கணித்துக் காட்டினர். சிலி நாட்டிலுள்ள ஆல்மா முதலிய வானொலித் தொலைநோக்கிகளைக் கொண்டு, மோதி ஒன்றான 37 மண்டலங்களை ஆராய்ந்தவர்கள் 2014-இல் முடிவை வெளியிட்டனர். வாயு தெளிவாகத் தென்பட்ட 30-இல், 24 மண்டலங்களில் அது தட்டாகச் சுழன்றுகொண்டிருந்தது.

நம் சொந்த வீட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 2013-இல் ஏவப்பட்டு 2025 வரை பணியாற்றிய கையா விண்கலம், நூறு கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடத்தை அளந்தது. அவ்வளவைகளைக் கொண்டு, ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு மண்டலம் நம் மண்டலத்தில் மோதிக் கரைந்ததை 2018-இல் கண்டறிந்தனர். ஒரு குழுவினர் அதற்குக் கிரேக்கப் புராணத்து அரக்கனான என்செலடஸின் பெயரைச் சூட்டினர். மற்றொரு குழுவினர் வைத்த பெயர் 'சாசேஜ்', அதாவது இறைச்சியை அடைத்துச் செய்யும் பண்டம்! அறிஞர்களுக்கும் பசி உண்டு போலும். அம்மோதலில் அன்றிருந்த தட்டின் விண்மீன்கள் மேலும் கீழும் சிதறித் தடித்த தட்டாயின. மெல்லிய தட்டின் விண்மீன்களுள் பெரும்பாலானவை அதற்குப் பின் வாயுவிலிருந்து பிறந்தவை. 460 கோடி ஆண்டு அகவையுடைய நம் கதிரவனும் அவற்றுள் ஒன்றே.

இதனால் மோதலே எல்லாத் தட்டுகளையும் படைத்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. பேரண்டம் பிறந்து 150 கோடி ஆண்டுகளே ஆன காலத்தில், அமைதியாகச் சுழலும் பெரிய தட்டு ஒன்றை ஆல்மா கண்டதாக 2020-இல் அறிவித்தனர். குளிர்ந்த வாயு ஓடைபோல் வந்து சேர்ந்து அது உருவாகியிருக்கலாம் என்று கருதுகின்றனர். இரு வழிகளும் உண்டென்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகின்றது.

இனி வருவது என்ன? ஆண்ட்ரோமீடா மண்டலம் நொடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்குகின்றது. 400 கோடி ஆண்டுகளில் மோதல் உறுதி என்று 2012-இல் கூறினர். 2025-இல் வெளிவந்த ஆய்வோ, அடுத்த ஆயிரம் கோடி ஆண்டுகளில் அது நிகழ்வதற்கும் நிகழாமற்போவதற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பே என்கின்றது. நிகழ்ந்தால், இரண்டிலும் வாயு இப்போதே குறைந்திருப்பதால், மீண்டும் தட்டாவது அரிது.