கேமரா வந்தபோதும் அழுதார்களாம்

"கேமரா வந்தபோதும் ஓவியர்கள் இப்படித்தான் அழுதார்கள். இன்று ஓவியம் செத்தா போய்விட்டது?" மூன்று நான்கு ஆண்டுகளாக இந்த வசனம் நம்மை விட்டபாடில்லை. பிரிக்பீல்ட்ஸில் நூல் வெளியீடு நடந்தாலும் கிள்ளானில் ஓர் இயக்கத்தின் ஆண்டுக்கூட்டம் நடந்தாலும், ஏஐ வரைந்த அட்டைப்படத்தையோ மேடைப் பதாகையையோ பார்த்து யாராவது முகம் சுளித்தால் போதும், மைக்கைப் பிடித்தவர் உடனே கேமராவை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். கைதட்டலும் கிடைத்துவிடும். இதே தொனியில் ஒரு குரல் வெளியூரிலும் கேட்டது. 2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேசிய மீரா முராட்டி, அன்றைக்கு ஓபன்ஏஐயின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி. ஏஐயால் சில படைப்பு வேலைகள் போய்விடலாம், ஆனால் அவை முதலிலேயே இருந்திருக்க வேண்டியவைதாமா என்ற பொருளில் அவர் பேசினார். அவராவது கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். நம் சங்கச் செயலாளர்களுக்கு அந்தத் தயக்கமும் கிடையாது.

சரி, கேமராவிலிருந்தே தொடங்குவோம். வரலாற்றைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கலாம். 1888இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட், புராணக் காட்சிகளாகப் பதினான்கு ஓவியங்கள் வேண்டும் என்று ரவிவர்மாவிடம் ஒப்படைத்தார். ரவிவர்மா கையோடு வரைய உட்கார்ந்துவிடவில்லை. பாத்திரங்களுக்கு என்ன உடை, என்ன நகை பொருந்தும் என்று பார்க்கத் தம்பி ராஜராஜவர்மாவோடு வட இந்தியாவைச் சுற்றிவிட்டு வந்து வரைந்தார். 1894இல் பம்பாயில் அவர் அச்சகம் தொடங்கினார். அதுவரை அரண்மனைச் சுவரில் இருந்த தெய்வங்கள் கூலிக்காரர் வீட்டுச் சுவருக்கு இறங்கி வந்தார்கள். படத்தைப் பெருக்கியது எந்திரம்தான். ஆனால் பெருக்குவதற்கு ஒரு மூலப்படம் வேண்டும், மூலப்படத்துக்கு ஓர் ஓவியர் வேண்டும், அந்த ஓவியருக்குக் கூலியும் கொடுத்தாக வேண்டும்.

அடுத்து கோவில்பட்டிக்கு வாருங்கள். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் தங்கி, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிய சி. கொண்டையராஜு கடைசியில் அந்த ஊரில்தான் நிலைகொண்டார். அவரும் சீடர்களும் நடத்திய தேவி ஆர்ட் ஸ்டூடியோவில் புகைப்பட வேலையும் ஓவியமும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. கேமராவைப் பார்த்து அழுத கூட்டமாம்! அழவில்லை ஐயா, கேமராவை வைத்துச் சோறு சாப்பிட்டார்கள். பக்கத்தில் சிவகாசி அச்சகங்கள் பெருகப் பெருக, காலண்டருக்குப் புதிய முருகனும் புதிய மீனாட்சியும் கேட்டு இவர்களிடம்தான் ஆள் வந்தது. சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், மீனாட்சிசுந்தரம் என்று சீடர்களின் பெயர்களும் அச்சில் ஏறின. சில படங்களில் குருவின் கையொப்பமும் சீடரின் கையொப்பமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மலேசியத் தோட்ட லயங்களின் சாமி மேடையில் கண்ணாடி போட்டு மாட்டி வைத்ததும் இந்த வகைப் படங்களைத்தான். அச்சும் கேமராவும் ஓவியரைத் தேடி வந்த தொழில்கள். ஏஐ வந்த வழியே வேறு. 2022 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன், இணையத்தில் கிடந்த 585 கோடிப் படங்களைச் சுட்டும் லயான் தொகுப்பின் பகுதிகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. வரைந்தவர்களை யாரும் கேட்கவில்லை, யாருக்கும் காசு போகவில்லை. "சீடனும் குருவைப் பார்த்துத்தானே கற்றான்?" என்பார்கள். ஆமாம். கற்றவன் குருவின் பெயரை விட்டுவிடவில்லை என்பதற்கு மேலே சொன்ன கையொப்பங்களே சாட்சி. ஏஐ படத்தின் மூலையில் எத்தனை பேர் பெயரைப் போடுவீர்கள்? ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் கேமராவை விட்டுவிட்டு ஃபிளெக்ஸை எடுங்கள். சென்னையில் சினிமா பேனர் எழுதியவர்களின் தொழில் ஃபிளெக்ஸ் வந்ததும் அடியோடு போயிற்று. "அழுதார்கள், ஆனால் ஒன்றும் ஆகவில்லை" என்று அவர்கள் வீட்டு வாசலில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

"யாருக்கு வித்தியாசம் தெரியப் போகிறது?" என்பது இரண்டாவது வாதம். தவில் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் தெரியும். தவிலின் வலந்தலையில் அடிக்கிற விரல்களில் கூடு மாட்டியிருக்கும், மறுபக்கம் கம்பு பேசும். பதாகையில் வருகிற ஏஐ தவில்காரரோ இரண்டு வெறுங்கையால் டோலக் தட்டிக்கொண்டிருக்கிறார். பத்துமலையே அதிர உறுமி முழங்குகிற நாடு இது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அந்த உறுமலை எழுப்புகிறார்கள் என்பது சின்னப் பையனுக்கும் தெரியும், எந்திரத்துக்கு மட்டும் எல்லா மேளமும் ஒன்று. ஆறுமுகனுக்கு முகம் ஐந்தோடு நின்றுவிடுகிறது. தமிழ் எழுதச் சொன்னால் கொம்பு தனியே நிற்கும், எழுத்தைத் தேட வேண்டும். இவையெல்லாம் நாளைக்கே திருந்திவிடும் என்பார்கள். திருந்தட்டும். ஆனால் முருகன் படம் வேண்டும் என்று ஓவியரிடம் போனால், பழனியா திருச்செந்தூரா, ஆண்டிக் கோலமா ராஜ அலங்காரமா என்று அவர் திருப்பிக் கேட்பார். தெரியாவிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஆனந்த விகடனுக்காக ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிலைக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தது அதற்காகத்தான். எந்திரம் எதையும் கேட்காது, நீங்கள் எதைச் சொன்னாலும் சரி என்று போட்டுக் கொடுத்துவிடும். திருப்பிக் கேட்கும் ஆள்தான் பிழைக்குப் பொறுப்பேற்கவும் செய்வார். இந்த நாட்டில் படப்பிழை விளையாட்டில்லை. 2025 ஏப்ரலில் சின் சியூ நாளிதழின் முதல் பக்கத்தில் தேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங் பிறை இல்லாமல் அச்சாகி, ஆசிரியர் பிரிவினர் இருவர் கைதானார்கள். அது ஏஐ செய்த பிழை என்று நான் சொல்லவில்லை. பதினான்கு பட்டையும் பதினான்கு முனை நட்சத்திரமும் உள்ள கொடியை, எண்ணிப் பார்க்காத ஒன்றிடம் கொடுத்துவிட்டுச் சுதந்திர தின வாழ்த்து அனுப்புகிற துணிச்சலைத்தான் சொல்கிறேன்.

"சின்னச் சங்கம், காசில்லை" என்பதைக் கேட்கும்போதுதான் கண்ணீர் வருகிறது. டத்தோவுக்குப் பொன்னாடை, டத்தோவின் உதவியாளருக்குப் பொன்னாடை, வராத டத்தோவின் சார்பில் வந்தவருக்கும் பொன்னாடை. ஆளுயர மாலைக்குத் தெங்கு கிளானா சாலைப் பூக்கடையில் யாரும் இலவசம் கேட்பதில்லை. நினைவுப் பரிசின் கண்ணாடிப் பெட்டிக்கும் வெள்ளி எண்ணித்தான் வைக்கிறார்கள். காசில்லாமல் போவது ஓவியரின் முறை வரும்போது மட்டும். "ஆள் எங்கே கிடைக்கிறார்?" என்பது இதற்குத் தம்பி வாதம். தீபாவளிக்குத் தரையில் சாயமேற்றிய அரிசியால் கோலம் போடுகிறவர்களை வணிக வளாகங்கள் எப்படியோ கண்டுபிடித்துவிடுகின்றன.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. "ஏஐ படம் நமக்கே சொந்தம், தொல்லையில்லை" என்கிறவர்கள் மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தைப் பார்த்ததில்லை போலும். ஓவியரிடம் சொல்லி வரைய வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 26ஆம் பிரிவுப்படி அந்தப் படத்தின் உரிமை சொல்லி வரைய வைத்தவருக்கே வந்துவிடுகிறது. உரிமையின் காலம் படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டும். எந்திரத்துக்கு ஆயுள் ஏது? பதிப்புரிமைக்கு மனிதப் படைப்பாளி வேண்டும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தாலர் வழக்கில் 2025 மார்ச்சில் சொல்லியும் விட்டது. காசு கொடுத்தால் சொந்தம், கொடுக்காவிட்டால் சந்தேகம்.

மிச்சமிருப்பது அவசரம். ஓவியரிடம் போனால் இரண்டு வாரம், ஏஐ என்றால் பத்து வினாடியாம். தீபாவளி என்றைக்கு, தைப்பூசம் என்றைக்கு என்பது காலண்டர் வீட்டுக்கு வரும்போதே தெரிந்துவிடுகிறது. மண்டபத்துக்கு ஆறு மாதம் முன்பே முன்பணம் கட்டுகிறார்கள், சாப்பாட்டுக்காரரிடம் வடையா போண்டாவா என்பது வரை பேசி முடித்துவிடுகிறார்கள். படம் என்று ஒன்று வேண்டுமே என்ற ஞாபகம் மட்டும் நிகழ்ச்சிக்கு முந்தின வியாழக்கிழமை இரவு, வாட்சாப் குழுவில் வருகிறது. மண்டபம் பதிவு செய்கிற கூட்டத்தின் குறிப்பேட்டிலேயே "படம் யார் வரைவது?" என்று ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். அதற்கும் பத்து வினாடிதான் ஆகும்.